நான்காம் பை, ஏழாம் பை

எங்கள் பழைய ஆய்வகத்துக்குப் போன மாதம் புது இயந்திரம் வந்தது. ஒரு துளி கரைசலை உறிஞ்சி, அதில் எந்தெந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று ஒரே மூச்சில் திரையில் காட்டிவிடுகிறது. ஓய்வு பெற்றவர்களையும் மறக்காமல் விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ராயபுரத்திலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன். சமோசா சாப்பிடும்போது புதிதாகச் சேர்ந்த வேதியியலாளர் ஒரு பெண் கேட்டாள்: "மேடம், உங்க காலத்துல ஒவ்வொரு மெட்டலுக்கும் தனித்தனியா லாம்ப் மாத்தணுமாமே? ஒரு லாம்ப் போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"புதுசு வர்ற வரைக்கும் காத்திருப்போம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அது முழுப் பதில் இல்லை. ஒரு தடவை நாங்கள் காத்திருக்கவில்லை. கையில் காகிதத் தட்டை வைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது. அதனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. அப்பா துறைமுகத்தில் வின்ச் ஓட்டினார். நான் வேதியியல் படித்துவிட்டு, தண்ணீரையும் மண்ணையும் சோதிக்கும் அரசு ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குடுவை கழுவினேன். கொடுங்கையூர் குப்பைமேட்டைச் சுற்றியுள்ள கிணறுகளில் வாளி விட்டுத் தண்ணீர் மொண்டேன். அமிலப் புகையில் இரண்டு துப்பட்டாக்களை ஓட்டையாக்கினேன். மூன்றாவது வருஷம்தான் குர்ஷித் மேடம் என்னை உலோகப் பிரிவுக்கு எடுத்துக்கொண்டார்.

குர்ஷித் மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒல்லியான உடம்பு, வெளிர் நிறச் சேலை, முழங்கை வரை ரவிக்கை. யாராவது தவறு செய்தால் நாற்காலியைக் காட்டி "ஒக்காருமா" என்பார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்பார். எந்தக் குடுவை, எந்தப் பக்கம் நின்றாய், யார் கதவைத் திறந்தது, மின்விசிறி ஓடியதா. பதில் சொல்லச் சொல்ல, நாம் எங்கே கோட்டை விட்டோம் என்பது நமக்கே தெரிந்துவிடும். அவர் அதை வாயால் சொல்ல மாட்டார்.

நான் உலோகப் பிரிவில் சேர்ந்த முதல் வாரத்தில் பிளாங்க் கெட்டது. பிளாங்க் என்றால் வேறொன்றுமில்லை. சோதிக்கிற மண்ணுக்குச் செய்கிற எல்லாவற்றையும், அதே அமிலம், அதே சூடு, அதே வடிதாள், மண் மட்டும் இல்லாமல் செய்து பார்ப்பது. அதில் எதுவும் வரக்கூடாது. வந்தால் அழுக்கு மண்ணில் இல்லை, நம்மிடம் இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குத் துத்தநாகம் வந்தது. மேடம் என் அருகில் வந்து லேசாக மூச்சை இழுத்தார்.

"காலையில என்ன பவுடர் போட்டே?"

சொன்னேன்.

"வாசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுலயும் ஜிங்க் இருக்கும். சாயந்திரம் வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கோ."

அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை முகத்தில் பவுடர் பூசாமல்தான் வேலைக்குப் போனேன். என் கல்யாண ஆல்பத்தில் மட்டும்தான் நான் வெள்ளையாக இருப்பேன்.

இனி, அந்தக் கதை நடந்த ஏரி. பெயரை மாற்றிக் கருவேலன் ஏரி என்று எழுதுகிறேன். விம்கோ நகரைத் தாண்டி எண்ணூர் போகும் பக்கம், ரயில் பாதைக்கும் சரக்குக் கொடோன்களுக்கும் நடுவில் கிடந்த ஏரி. மழையில் நிரம்பினால் கால்வாய் வழியாக முகத்துவாரத்துக்குப் போகும். கோடையில் அதே கால்வாய் வழியாக உப்பு ஏறி வரும். உப்போடு இறாலும் வரும். பக்கத்துக் குப்பத்துப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். வலை கிடையாது. பிடித்ததைப் போட ஓலையால் பின்னிய பறி ஒன்று. இரண்டு கையும் சேற்றுக்குள் வேண்டும் என்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள்.

மீன் செத்து மிதக்கிறது என்று குப்பத்தார் மனுக் கொடுத்திருந்தார்கள். சோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுத்துவரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். கரையில் நின்று பாட்டிலை முக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் தண்ணீரிலிருந்து ஏறி வந்தாள். பறியின் கயிறு இன்னும் பல்லுக்கிடையில் இருந்தது. அதை எடுத்துவிட்டுப் பேசினாள்.

"இன்னாம்மா, தண்ணியவே மொண்டுகினு கீற?"

"டெஸ்ட் பண்ணத்தான்."

"தண்ணி இன்னிக்கு இங்க கீது, மழ வந்தா ஓடிப்பூடும். சேறு எங்கம்மா போவும்? எங்க கையி, காலு, வாயி எல்லாம் சேத்துலதான் கீது. அத்த இன்னான்னு பாக்க மாட்டீங்களா?"

அவள் பெயர் தேசம்மா. அப்போது நாற்பது வயதிருக்கும். கரையில் ஏழு வயதுப் பெண் ஒன்று சேற்றில் சிப்பி பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தது. "கடைசிப் பொண்ணு, பவானி. வவுத்து வலி வவுத்து வலின்னு பள்ளிக்கூடம் போவாம பேஜாரு பண்ணுது" என்றாள்.

அவள் கேட்டது சரியான கேள்வி. ஈயம் போன்ற உலோகம் தண்ணீரில் நெடுநேரம் நிற்காது. வண்டலோடு ஒட்டிக்கொண்டு அடியில் போய்ப் படுத்துவிடும். மேலே மொண்ட தண்ணீர் சுத்தம் என்று காகிதம் சொல்லும்போது கீழே சேறு வேறொன்றாக இருக்கலாம். படித்ததுதான். ஆனால் எனக்குக் கொடுத்த பட்டியலில் தண்ணீர் மட்டுமே இருந்ததால் நானும் தண்ணீரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பும் முன் ஒரு பிளாஸ்டிக் பையில் ஒரு பிடி சேற்றை அள்ளிக்கொண்டேன்.

மேடம் அந்தப் பையைத் தூக்கிப் பார்த்தார். "இதுக்கு நம்பர் எங்க?"

"லிஸ்ட்ல இல்ல மேடம். நானா எடுத்துட்டு வந்தேன்."

"நம்பர் இல்லாத பை என் லேப்ல ஓடாது, ஸ்டெல்லா." குப்பையில் போடச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "அதனால நம்பரோட போய் முறையா எடுத்துட்டு வா. லெட்டர் நான் எழுதறேன்."

பதினைந்து நாளில் அனுமதி வந்தது. ஏரியின் வரைபடத்தில் பத்து இடங்களைக் குறித்துக்கொண்டு ஒரு ஃபைபர் படகில் போனோம். சேறு எடுப்பது அவசரப்படக்கூடாத வேலை. இரண்டு தாடைகள் போல வாயைத் திறந்துகொண்டு இறங்கும் இரும்புக் கவ்வியைக் கயிற்றில் விட வேண்டும். அடியைத் தொட்டதும் அது வாயை மூடிக்கொள்ளும். மேலே தூக்கி, தேங்கிய தண்ணீரைச் சாய்த்து வடித்து, இரும்பைத் தொடாத நடுச்சேற்றை மட்டும் பிளாஸ்டிக் கரண்டியால் எடுக்க வேண்டும். பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி, எண் எழுதி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் புதுக் கரண்டி. எண்ணை எழுதிவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குத் துடுப்புப் போட வேண்டும்.

நான்காம் இடம், ஏகாம்பரம் என்பவருடைய முலாம் பட்டறையின் சாக்கடை வந்து விழும் வாய். ஸ்கூட்டர் பாகங்களுக்கு குரோமிய முலாம் பூசுகிற சின்னப் பட்டறை. ஏழாம் இடம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொடோனின் பின்பக்கம். பழைய பேப்பர், பிளாஸ்டிக் வாங்கப்படும் என்று பலகை தொங்கியது. கேட் எப்போதும் சாத்தியே இருந்தது.

எட்டாம் இடத்துக்குப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. படகுக்குள் தண்ணீர் கட்டி, ஐஸ் பெட்டியின் மூடி நழுவி, பைகள் நனைந்தன. நனைந்தபடியே மீதி இடங்களிலும் எடுத்து முடித்துக் கரைக்கு வந்து வேனில் ஏறிப் பார்த்தபோது இரண்டு பைகளில் எண் கரைந்து நீலத் தீற்றலாகக் கிடந்தது. மற்ற எட்டும் தெளிவாக இருந்தன. விடுபட்டவை நான்கும் ஏழும். இரண்டும் கறுப்புச் சேறு. ஒன்று சற்று வழுவழுப்பு, இன்னொன்றில் மணல் அதிகம்.

விதி எனக்கு நன்றாகத் தெரியும். எண் போனால் மாதிரி செத்தது. திரும்பிப் போய் எடுக்க வேண்டும். ஆனால் மழை கொட்டியது. படகுக்காரர் கிளம்பிவிட்டார். டிரைவர் ஹார்ன் அடித்தார். பட்டறைப் பக்கம் எடுத்தது வழுவழுப்பாக இருந்ததாக எனக்கு ஞாபகம். ஞாபகத்தை நம்பி ஒன்றில் நான்கு என்றும் மற்றதில் ஏழு என்றும் எழுதினேன். ஒரு நிமிஷ வேலை.

ஆய்வகத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சேற்றை உலர்த்தி, நைலான் சல்லடையில் சலித்து, நைட்ரிக் அமிலத்தில் மெல்லக் காய்ச்சி, வடிகட்டி, இயந்திரத்துக்குக் கொடுத்தோம். பிளாங்க் சுத்தமாக இருந்தது. ஒரே பையிலிருந்து இரண்டு தடவை எடுத்துப் பார்த்த அளவுகள் ஒத்துப்போயின. ஈயம் நான்காம் பையில் மட்டும் எங்கோ உயரத்தில் இருந்தது. மேடம் மூன்றாவது தடவையும் ஓட்டச் சொன்னார். அதேதான்.

குரோமியத்துக்கான விளக்கு அந்த வாரம்தான் உயிரை விட்டிருந்தது. புதியது வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். குரோமியமும் பார்த்துவிட்டு மொத்தமாக அனுப்பலாம் என்றுதான் மேடம் சொன்னார். மேலிடத்திலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு போன். மனு மேலே வரைக்கும் போய்விட்டது, ஈயம் மட்டும் போதும், அனுப்புங்கள். குரோமியம் பின்னர் என்று ஒரு வரி சேர்த்து மேடம் கையெழுத்துப் போட்டார்.

அதிகாரிகள் பட்டறைக்குப் போனார்கள். குரோமிய முலாம் தொட்டியில் ஈயத் தகடுகள் தொங்குவது வழக்கம். ஏகாம்பரத்தின் தொட்டியிலும் தொங்கின. அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. மறுநாளே பட்டறைக்கு மின்சாரத்தைத் துண்டித்து சீல் வைத்தார்கள்.

நான் செய்த இன்னொரு காரியமும் உண்டு. அதை யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. அந்த வாரம் சனிக்கிழமை பஸ் ஏறி ஏரிக்குப் போய்த் தேசம்மாவைத் தேடிப் பிடித்தேன். அவள் சொன்னதால்தானே இதெல்லாம் நடந்தது என்று எனக்கு ஒரு பெருமை.

"தேசம்மா, நீ சொன்னது சரிதான். சேத்துல ஈயம் கீது. பட்டறை பக்கம் எறங்காத. பொண்ணையும் விடாத."

"அப்ப அந்தாண்ட, கொடோன் பக்கம்?"

"அது பரவாயில்ல."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரமான, சொரசொரப்பான கை. "நல்லா இரும்மா" என்றாள்.

மூன்று வாரம் கழித்துக் குரோமிய விளக்கு வந்தது. காலை பதினோரு மணி இருக்கும். நானே பொருத்தி, சூடேற விட்டு, பத்து மாதிரிகளையும் வரிசையாக ஓட்டினேன். நான்காம் பையில் குரோமியம் அநேகமாக இல்லை. ஏழாம் பையில் கொட்டிக் கிடந்தது.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். வருஷக்கணக்காக குரோமியம் பூசுகிற பட்டறையின் வாசல் சேற்றில் குரோமியம் இல்லாமல் இருக்க முடியாது. பழைய பேப்பர் கொடோனின் பின்னால் அவ்வளவு குரோமியம் இருக்கவும் முடியாது. இயந்திரம் சரியாகத்தான் சொல்கிறது. பையின் மேல் நான் எழுதிய எண்தான் பொய்.

அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை. ஒளித்துவிடலாம் என்று நினைத்தேனா என்றால், நினைத்தேன். விளக்கு புதுசு, சரியாக வேலை செய்யவில்லை என்று எழுதி, அந்த ஓட்டத்தையே தள்ளிவிட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்த வருஷம் அது. ஏகாம்பரத்தை நான் பார்த்ததுகூட இல்லை. அவர் முகம் தெரியாததால் அவரை நினைக்காமல் இருக்க முடிந்தது. ஆனால் "அது பரவாயில்ல" என்று நான் சொன்ன இடத்தில் இந்த நேரத்தில் ஒருத்தி கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றிருப்பாள். அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மேடம் அறையில் தொழுதுகொண்டிருந்தார். வெளியே நின்றேன். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒக்காருமா."

சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் அழுகை முடியும் வரை காத்திருந்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். எத்தனை பையில எழுத்து போச்சு? என்ன பேனா? வேன்லயா எழுதினே, கரையிலயா? மத்த எட்டும் நீ படகுல எழுதினதுதானே? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் நானே கேட்டேன்: "மேடம், இப்ப என்ன பண்றது?"

"என்ன பண்றது? பத்து எடத்துலயும் திரும்ப எடுக்கணும். நாளைக்குக் காலையில. நானும் வரேன்."

அவருக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. சேலையை இழுத்துச் செருகி, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு படகில் குந்தியிருந்தார். ஒவ்வொரு பையிலும் நான் எண் எழுதினேன். அவர் வாய்விட்டுப் படித்தார். பிறகு அதன் மேல் இன்னொரு பை போட்டு அதிலும் எழுதச் சொன்னார். திரும்பி வந்து, இரவு பகல் பாராமல் இல்லை, எப்போதும் போல அலுவலக நேரத்தில், ஒரு படியும் தாண்டாமல் செய்தோம். நான்காம் நாள் முடிவு தெரிந்தது. ஈயம் ஏழாம் இடத்தில். கொடோன் பின்னால்.

மேலிடத்துக்கு அவர் எழுதிய கடிதத்தின் படியை வெகுநாள் வைத்திருந்தேன். முதல் அறிக்கையில் இரண்டு மாதிரிகள் எங்கள் ஆய்வகத்தின் பிழையால் இடம் மாறிவிட்டன என்று நேரடியாகத் தொடங்கியிருந்தார். என் பெயர் எங்கும் இல்லை. என் பெயரைப் போடுங்கள் என்று கேட்டேன்.

"ரிப்போர்ட் லேப் பேர்ல போச்சு. தப்பும் லேப் பேர்லதான் போகும். உனக்கு மெமோ தனியா வரும். கவலைப்படாதே" என்றார்.

வந்தது. பதவி உயர்வு தள்ளிப்போனது. அதைப் பற்றி எனக்கு அன்றும் புகார் இல்லை, இன்றும் இல்லை.

கடிதம் போன அன்று மாலை மேடம் என்னை ஏகாம்பரத்தின் வீட்டுக்குக் கூட்டிப் போனார். பட்டறையை ஒட்டியே வீடு. லுங்கி கட்டிய ஒடிசலான மனிதர், விரல் நுனியெல்லாம் அமிலம் பட்டு மஞ்சளாக இருந்தது. மேடம் உட்காரக்கூட இல்லை. "எங்க லேப்ல தப்பு நடந்துடுச்சு. அந்த ஈயம் உங்களது இல்ல. எழுதி அனுப்பிட்டோம், சீலை எடுத்துடுவாங்க. நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு மாசமாவுது மேடம் பட்டற மூடி. எட்டு பேரு வேல செஞ்சாங்க. மூணு பேரு வேற எடம் பாத்துகினு பூட்டாங்க. உங்க லெட்டரு அவங்கள இட்டுகினு வருமா?"

"பை மாத்தினது நான்தாங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். கோபமா, போகட்டும் என்பதா, தெரியவில்லை.

வாசல்படி இறங்கும்போது மேடம் நின்று திரும்பினார். "இன்னொண்ணு. உங்க குரோமியமும் ஜாஸ்தியாத்தான் இருக்கு. அதுக்கு முறையா வேற நோட்டீஸ் வரும். இப்பவே சொல்லிடறேன்."

ஏகாம்பரம் சிரித்துவிட்டார். "சர்தான்" என்றார். அடுத்த வருஷம் அவர் சுத்திகரிப்புத் தொட்டி கட்டினார். அந்த மூன்று பேரில் ஒருவர் திரும்பி வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

தேசம்மாவிடம் நான் தனியாகத்தான் போனேன். நானும் வரட்டுமா என்று மேடம் கேட்டார். வேண்டாம் என்றேன். அவள் கொடோன் பக்கத்துக் கரையில்தான் இருந்தாள். பவானியும் இருந்தாள். நடந்ததைச் சொன்னேன். தேசம்மா பறியைக் கவிழ்த்து, அதில் இருந்த இறாலை எல்லாம் தண்ணீரில் கொட்டினாள்.

"நீ சொன்னன்னுதானேம்மா இந்தாண்ட வந்தேன்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் குப்பத்துக்கு நடந்தாள்.

கொடோனை அதிகாரிகள் திறந்தபோது உள்ளே ஆள் இல்லை. உடைத்த பேட்டரிகளின் கறுப்பு ஓடுகள் கூரை வரை குவிந்து கிடந்தன. தரையில் வெள்ளைப் படிவு. பின்சுவரில் ஏரிக்குள் போகும் ஒரு குழாய். பேப்பர் பலகைக்குப் பின்னால் பேட்டரி உடைத்து ஈயம் உருக்கியிருக்கிறார்கள். பக்கத்துப் பட்டறைக்குச் சீல் வைத்ததைப் பார்த்ததும் உஷாராகி, உருக்கிய ஈயத்தோடு ஓடிவிட்டார்கள். வாடகைக்கு எடுத்தவன் கொடுத்த பெயரும் பொய், முகவரியும் பொய். கடைசி வரை அவன் கிடைக்கவில்லை. வேனில் நான் எழுதிய அந்த ஒரு நிமிஷம் அவனுக்கு ஒரு மாதத்தைக் கொடுத்தது.

குப்பத்துக் குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனை முகாம் நடந்தது. பவானியின் ரத்தத்தில் ஈயம் இருந்தது. வேறு சில குழந்தைகளுக்கும் இருந்தது. அதில் எவ்வளவு பல வருஷமாகச் சேர்ந்தது, எவ்வளவு அந்த மூன்று வாரத்தில் சேர்ந்தது என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படியெல்லாம் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாரா, உண்மையாகவே முடியாதா என்று அப்போது தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். பிறகு புத்தகத்தில் பார்த்தேன். உண்மையாகவே முடியாதுதான். கைகழுவுவது, சத்துணவு, மாதம் ஒருமுறை ரத்தம் பார்ப்பது என்று வைத்தியம் போனது. அவள் வயிற்றுவலி மெல்லக் குறைந்தது. கணக்குப் பாடத்தில் மட்டும் கடைசி வரை சிரமப்பட்டாள். அதற்கு ஈயம் காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது.

கோடையில் அந்தப் பக்கத்துச் சேற்றை வெட்டி எடுத்தார்கள். வழக்கமான குப்பைமேட்டில் கொட்டக்கூடாது, அபாயக் கழிவுக்கான இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று மேடம் எழுதி வாங்கினார். ஓய்வு பெறுவதற்கு முன் அவர் போட்ட கடைசிச் சண்டை அது, குரலை உயர்த்தாமல். தார்ப்பாய் போர்த்திய லாரிகள் வரிசையாகப் போனதை நான் ரயில் கேட்டில் நின்று பார்த்தேன். கொடோன் பின்பக்கத்துக்கு மட்டும் கம்பிவேலி போட்டு மூடினார்கள்.

தேசம்மா ஏரிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். விடியற்காலையில் ஷேர் ஆட்டோவில் முகத்துவாரத்துக்குப் போய் இறால் பிடித்தாள். பிடித்ததை விற்றாள். வீட்டில் சமைப்பதில்லை. பவானிக்கு இறால் கொடுப்பதையே விட்டுவிட்டாள் என்று குப்பத்தில் சொன்னார்கள். என்னைக் கண்டால் பேசுவாள், ஆனால் "ஆங்", "சரி" என்பதோடு சரி.

இரண்டு மழைக்காலம் போயிற்று. மேடம் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடாததால், அவர் நாற்காலியில் அப்போது நான்தான் பொறுப்பாக உட்கார்ந்திருந்தேன். ஏரிச் சேற்றைப் பத்து இடத்திலும் மறுபடி எடுத்தோம். இறாலும் எடுத்தோம், இந்த முறை முறையான எண்களோடு, இரட்டைப் பைகளில். ஈயம் இறங்கியிருந்தது. வேலிக்குள் மட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சம். இறால் சதையில் பயப்படும்படி ஒன்றுமில்லை. எனக்கு மேலே சரிபார்க்க ஆள் இல்லாததால், ஒவ்வொரு மாதிரியிலும் பாதியை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அவர்கள் கணக்கும் எங்கள் கணக்கும் ஒத்துப்போன பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும் அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு தேசம்மா வீட்டுக்குப் போனேன். பவானி வளர்ந்திருந்தாள், இரட்டைச் சடை. தேசம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. முழுசும் படிக்கச் சொன்னாள். பத்து இடத்துக்கும் பெயர் சொல்லிப் படித்தேன். பட்டறை பக்கம், பனைமரத்தாண்ட, கால்வாய் வாய்.

"வேலி போட்ட எடம் வேணாம் தேசம்மா. மத்த எடம் சரியாயிடுச்சு. எறாவும் பாத்தேன். துன்னலாம்."

"போன வாட்டியும் நீதான் சொன்ன."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

அவள் காகிதத்தை வாங்கி மடித்துத் தரையில் வைத்தாள். "நீ துன்னுவியா?"

"துன்றேன்."

"குந்து" என்று சொல்லிவிட்டுப் பறியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முடியிலிருந்து ஏரித் தண்ணீர் சொட்டியது. உட்கார்ந்து இறாலை உரித்து, நரம்பெடுத்து, கத்திரிக்காய் போட்டு மிளகாயும் பூண்டுமாகச் சமைத்தாள். வாசனை சந்து முழுக்கப் போயிருக்கும். பவானி மூன்று தட்டுகளை எடுத்து வைத்தாள். தேசம்மா மூன்றிலும் சோறு போட்டாள். குழம்பை என் தட்டில் மட்டும் ஊற்றினாள்.

சாப்பிட ஆரம்பித்தேன். தேசம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பவானி என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ அதிகாரிகள் முன்னால் அறிக்கையோடு நின்றிருக்கிறேன், அப்படி என்னை யாரும் சோதித்ததில்லை. முதல் இறாலை மென்று விழுங்கினேன். அவள் அசையவில்லை. இரண்டாவது. மூன்றாவதையும் விழுங்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்று என்று கேட்டேன்.

அப்போதுதான் அவள், எனக்கு ஊற்றிய கரண்டியைக் கீழே வைக்காமல், பவானியின் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.